தாது மூலம்

ரிஷி மூலமும் நதி மூலமும் விசாரிக்கலாகாது என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். விசாரித்தால் மரியாதை குறையக்கூடும் என்ற தயவினால் சொன்ன வார்த்தை அது. ஆனால் பூமியைக் குடைந்து பொன்னும் இரும்பும் ஈயமும் எடுக்கப் புறப்பட்டவனுக்கு மூலத்தை விசாரிக்காமல் ஓரடி எடுத்து வைக்க முடியாது. ஒரு மலைச் சரிவில் தாது தென்படுகிறது. அது எங்கிருந்து வந்தது? பூமியின் அடிவயிற்றிலிருந்து உருகிப் பொங்கி வந்ததா? பழைய கடலடியில் படிந்து, பிறகு கரையேறியதா? சுற்றியுள்ள பாறைகளிலிருந்து வெந்நீர் கரைத்துக் கொணர்ந்து சேர்த்ததா? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால்தான் அதே தாது வேறெங்கு கிடைக்கும், எவ்வளவு ஆழம் போகும் என்று ஊகிக்க இயலும். தெரியாமல் தோண்டுவது, ஊற்றுப் பாராமல் கிணறு வெட்டுவதைப் போன்றது.

கல்லுக்கு வாய் கிடையாது, ஜாதகமும் கிடையாது. ஆயினும் கல்லுக்குள் இருக்கும் அணுக்கள் தம் பிறப்பை மறப்பதில்லை. அவற்றைப் பேச வைக்கும் வித்தையை விஞ்ஞானிகள் சென்ற நூறு வருஷங்களில் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அந்த வித்தையின் பலனை நம் தர்மபுரிச் சீமையின் கற்களிலேயே காணலாம் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

தகடூரின் செல்வம்

அதியமான் ஆண்ட தகடூர்தான் இன்றைய தர்மபுரி. 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி சேலம் ஜில்லாவிலிருந்து பிரிந்து தனி ஜில்லாவாயிற்று. 2004-இல் கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது. மழை குறைவு, கேழ்வரகும் சாமையும் விளையும் மேட்டு நிலம். பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போகிறவர்கள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. மேலே இப்படி வறண்டிருக்கும் பூமி, கீழே வறியதல்ல. தீர்த்தமலைப் பக்கத்தில் காந்தக்கல் கலந்த இரும்புப் பாறைப் படுகைகள் இருக்கின்றன. அரூருக்கும் ஊத்தங்கரைக்கும் இடையே உள்ள வட்டாரத்தில் மாலிப்டினம் என்ற அரிய உலோகத்தின் தாதுவை இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகா கண்டறிந்திருக்கிறது. ஒகேனக்கல் பக்கத்திலும், சாமல்பட்டியிலும், இன்னும் வடகிழக்கே திருப்பத்தூரை அடுத்த சேவத்தூரிலும் கார்பனடைட் என்னும் விசித்திரமான பாறை வெளிப்பட்டிருக்கிறது.

இந்த ஊர்களைப் படத்தில் குறித்துக் கோடு இழுத்துப் பாருங்கள். தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஒரு வரிசை தெரியும். பூமியின் ஓடு பண்டைக்காலத்தில் விரிந்து நெகிழ்ந்த ஒரு வடு அது. சுவரில் விரிசல் கண்ட இடத்தில் நீர் கசிவது போல, பூமியில் விரிசல் கண்ட இடத்தில் ஆழத்துச் சரக்கு மேலே வரும். வந்த சரக்கு எது, எப்போது வந்தது என்பதே கேள்வி.

பெயர் ஒன்று, எடை வேறு

விடை சொல்லும் சாட்சிகளுக்கு ஐஸோடோப் என்று பெயர். 1913-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் இருந்த பிரெடெரிக் ஸாடி என்ற ரசாயன அறிஞர், ஒரே மூலகத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே எடையுள்ளவை அல்ல என்று கண்டார். ரசாயன குணத்தில் வித்தியாசமே இல்லை. மூலகங்களின் அட்டவணையில் அவற்றுக்கு ஒரே இடம்தான். ஆகவே "ஒரே இடம்" என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இப்பெயரை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் மார்கரெட் டாட் என்ற வைத்திய அம்மையார்.

ஒரே அச்சில் வார்த்த நாணயங்களில் சில, மயிரிழை அளவு கனத்துப் போயிருந்தால் கடைக்காரர் கவனிப்பாரா? செல்லுபடியாவதில் பேதமில்லை. தராசில் வைத்தால்தான் குட்டு வெளிப்படும். ஐஸோடோப்களும் அப்படித்தான். அவற்றை நிறுக்கும் தராசு, களத்தில் நெல் தூற்றும் முறையைப் பின்பற்றியது. காற்று வீசும்போது பதர் தூரப் போய் விழுகிறது. மணி நெல் அருகிலேயே விழுகிறது. ஆராய்ச்சிச்சாலையில் காற்றுக்குப் பதிலாகக் காந்தம். அணுக்களுக்கு மின்சாரம் ஏற்றிக் காந்தத்தின் ஊடே பாய விட்டால் இலேசானவை அதிகமாக வளையும். கனத்தவை குறைவாக வளையும். எந்த எடையில் எத்தனை அணு என்று தனித்தனியே எண்ணிக்கொள்ளலாம். 1919-இல் ஆஸ்டன் என்ற ஆங்கிலேயர் இந்தக் கருவியைச் செப்பம் செய்தார். இன்று ஒரு சிட்டிகைக் கற்பொடி இருந்தால் போதும், லட்சத்தில் சில பங்கு வித்தியாசத்தையும் கண்டு சொல்லிவிடுகிறார்கள்.

ஈயத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு 204, 206, 207, 208 என்று நான்கு எடைகள். ஈயம்-204 பூமி பிறந்தபோது இருந்த அளவிலேயே இன்றும் இருக்கிறது. மற்ற மூன்றும் வளர்ந்துகொண்டே வருகின்றன. யுரேனியம்-238 சிதைந்து சிதைந்து முடிவில் ஈயம்-206 ஆகிறது. பாதி சிதைய 447 கோடி வருஷம். யுரேனியம்-235, ஈயம்-207 ஆகிறது. அதற்கு 70 கோடி வருஷம். தோரியம், ஈயம்-208 ஆக, 1,400 கோடி வருஷம். மூன்றும் மூன்று வேகத்தில் ஓடும் கடிகாரங்கள்.

யுரேனியமும் தோரியமும் எல்லாப் பாறையிலும் ஒரே அளவில் இல்லை. ஆகவே ஒவ்வொரு பாறைக் குடும்பத்திலும் இந்த நான்கு ஈயங்களின் விகிதம் ஒவ்வொரு விதமாக வளரும். அந்தப் பாறையிலிருந்து ஈயத்தை வெந்நீர் கரைத்துக்கொண்டு போய் ஒரு பிளவில் கந்தகத்தோடு சேர்த்துப் படிய வைத்தால் கலீனா என்ற ஈயத்தாது உண்டாகிறது. அதில் யுரேனியம் இல்லாத காரணத்தால் விகிதம் அன்றைக்கே நின்றுவிடும். கடிதம் புறப்பட்ட ஊரின் தபால் முத்திரை உறைமேல் இருப்பது போல, ஈயம் புறப்பட்ட பாறையின் முத்திரை தாதுவில் தங்கிவிடுகிறது. 1946-இல் ஆர்தர் ஹோம்ஸ் என்பவரும் ஹெளட்டர்மன்ஸ் என்பவரும், ஒருவர் முயற்சி ஒருவருக்குத் தெரியாமலே, இம்முத்திரையை வைத்துக் கணக்குப் போட வழி கண்டார்கள். 1956-இல் கிளேர் பாட்டர்ஸன் விண்கற்களின் ஈயத்தை அளந்து, பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி வருஷம் என்று முடிவு கட்டினார்.

ஒகேனக்கல்லின் வெள்ளைக் கல்

காவிரி பாய்ந்து புகைபோல் நீர்த்திவலை எழுப்பும் ஒகேனக்கல்லை அறியாதவர் இல்லை. அவ்வட்டாரத்தில், பைராக்ஸினைட் என்னும் கருமை படர்ந்த பாறைக்கு உள்ளே வெளுத்த சுண்ணாம்புக் கல் ஓடியிருக்கிறது. சுண்ணாம்புக் கல் சாதாரணமாகக் கடலில் பிறப்பது. சிப்பியும் சங்கும் மடிந்து படிந்து ஆவது. கடற்கரைக்கு வெகுதூரத்தில், உருகி உறைந்த பாறையின் நடுவே, அதற்கு என்ன வேலை?

இரண்டு பதில்கள் சாத்தியம். ஒன்று, பழைய கடலின் சுண்ணாம்பு புதையுண்டு வெந்து சலவைக்கல்லாகியிருக்கலாம். மற்றொன்று, சுண்ணாம்பே தீக்குழம்பாக உருகிப் பூமியின் ஆழத்திலிருந்து ஏறி வந்திருக்கலாம். இரண்டாவது பதிலை ஒரு காலத்தில் பல அறிஞர் நம்பவில்லை. 1960-இல் ஆப்பிரிக்காவில் தான்ஸானியா நாட்டிலுள்ள ஒல்டோயின்யோ லெங்காய் என்ற எரிமலை இவ்வகைக் குழம்பைக் கக்குவதைக் கண்ணாலேயே கண்டார்கள். மற்ற எரிமலைக் குழம்புகள் ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்க, இது ஐந்நூறு அறுநூறு டிகிரியிலேயே தண்ணீராக ஓடுகிறது. அதற்குப் பிறகு சந்தேகம் தீர்ந்தது. இப்படிப் பிறந்த கல்லே கார்பனடைட்.

நம் ஊர்க் கல் எந்த வகை என்று காண அதன் கரியையும் பிராணவாயுவையும் கேட்கவேண்டும். கரிக்கு 12, 13 என்று நிலையான இரு எடைகள். கடற் சுண்ணாம்பில் கனத்த கரி எவ்வளவோ, அதைவிட ஆயிரத்துக்கு ஐந்து பங்கு போலக் குறைவாகவே ஆழத்துக் குழம்பில் இருக்கும். பிராணவாயுவிலும் கடற்கல் கனத்தது, ஆழத்துக் கல் இலேசானது. மூன்றாவது சாட்சி ஸ்ட்ரான்ஷியம். ருபீடியம் சிதைந்து ஸ்ட்ரான்ஷியம்-87 ஆகிறது; பாதி சிதைய ஏறக்குறைய 5,000 கோடி வருஷம். பூமியின் மேலோட்டில் ருபீடியம் மிகுதி, ஆழத்தில் குறைவு. ஆகவே மேலோட்டிலிருந்து வந்த பொருளில் ஸ்ட்ரான்ஷியம்-87 ஏறியிருக்கும். ஆழத்திலிருந்து நேரே வந்ததில் இறங்கியிருக்கும்.

ஹைதராபாத்தில் உள்ள தேசியப் புவிபௌதிக ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த அனில் குமார், கோபாலன் முதலியோர், அமெரிக்க அறிஞர் மக்டூகலுடன் சேர்ந்து ஒகேனக்கல், சேவத்தூர் ஆகிய இரண்டு இடத்துக் கற்களையும் அளந்து 1998-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒகேனக்கல் கல்லின் வயது ஏறத்தாழ 240 கோடி வருஷம்; சேவத்தூர்க் கல்லின் வயது ஏறத்தாழ 77 கோடி. இரண்டுக்கும் இடையே 160 கோடி வருஷத்துக்கு மேல் இடைவெளி. அப்படியிருந்தும் ஸ்ட்ரான்ஷியமும் நியோடிமியமும் சொல்லும் சாட்சியத்தின்படி, இரண்டும் செழுமையேறிய ஒரே வகையான ஆழத்து மூலத்திலிருந்தே வந்திருக்கின்றன. தமிழகத்தின் அடியில் ஒரு களஞ்சியம் அத்தனை காலம் கலையாமல் காத்திருந்து, இரண்டு முறை கதவு திறந்தது என்று பொருள். விந்திய மலை அகத்தியருக்காகக் காத்திருந்ததாகப் புராணம் சொல்லும். இந்தக் காத்திருப்புக்கு அது ஒரு நொடிப் பொழுதுக்கும் காணாது.

சாமல்பட்டிக் கற்களின் கதை இவ்வளவு நேரானதன்று. சில மாதிரிகளில் கரியும் பிராணவாயுவும் ஆழத்தின் முத்திரையைக் காட்டுகின்றன. வேறு சிலவற்றில் பிராணவாயு கனத்து, மேலோட்டுப் பொருளோ பிற்காலத்து நீரோ கலந்திருப்பதைக் காட்டுகிறது. சாட்சி முன்னுக்குப் பின் பேசினால் நீதிபதி அவனைத் தள்ளிவிடுவார். பூகர்ப்ப அறிஞரோ அந்த முரணிலிருந்தே கலப்படத்தின் கதையைக் கண்டுபிடிக்கிறார்.

இதனால் லாபம் என்ன என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. நியோபியம், அருமண் உலோகங்கள் ஆகியவை உலகெங்கும் கார்பனடைட்டைச் சார்ந்தே பெரிதும் கிடைக்கின்றன. வெள்ளைக் கல்லெல்லாம் கார்பனடைட் என்று நினைத்துச் சலவைக்கல்லில் துளை போட்டால் பணம் பாழ். ஒரு சிட்டிகைப் பொடியின் சாட்சியம் பல லட்சம் ரூபாய்த் துளைகளை மிச்சப்படுத்தும்.

பொன்னுக்குத் தோழன் சொன்ன சாட்சி

கிருஷ்ணகிரிக்கு வடக்கே, எல்லை தாண்டினால் கோலார். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம் ஜில்லாவிலிருந்தும் ஏழைத் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் போய் அந்தச் சுரங்கங்களில் உழைத்தன. 1902-இலேயே சிவசமுத்திரத்துக் காவிரி நீரின் மின்சாரம் அங்கே பாய்ந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கியது. நூற்றிருபது வருஷங்களில் சுமார் 800 டன் பொன் கொடுத்த பிறகு, 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. உழைத்தவர்களுக்கு மிஞ்சியது சயனைட் மண் மேடுகளும், கல்தூசி அரித்த நுரையீரலும்.

அந்தப் பொன் எங்கிருந்து வந்தது? பொன்னையே கேட்க முடியாது. அதற்கு 197 என்று ஒரே நிலையான எடைதான். ஐஸோடோப் விகிதம் என்பதே அதற்கு இல்லை. ஆகையால் பொன்னோடு கூடவே வந்து படிந்த தோழர்களைக் கேட்கிறார்கள். கலீனாவின் ஈயமும், கந்தகமும், சுற்றுப்பாறைகளின் ஈயமும் அப்படிப்பட்ட தோழர்கள்.

புது டில்லி ஜவாஹர்லால் நேரு சர்வகலாசாலையின் ராஜாமணி, அவருடன் பாலகிருஷ்ணன், நியூயார்க் ராஜ்யத்து ஸ்டோனி புரூக் சர்வகலாசாலையின் ஹான்ஸன், கிராக்ஸ்டட் முதலியோர் இவ்வாராய்ச்சியில் இறங்கினார்கள். 1989-இல் வெளியான அவர்கள் கட்டுரை உலக அறிஞரின் கவனத்தைக் கவர்ந்தது. கோலார்ப் பாறைப் பட்டைக்கு மேற்கேயுள்ள நிலத்தில் 320 கோடி வருஷத்துக்கு மேற்பட்ட பழமையின் தடயம் உண்டு. கிழக்கே அது இல்லை, 253 கோடி வருஷத்துப் பாறையே உண்டு. பட்டைக்குள்ளேயே மேற்குப் பக்கத்துக் கரும்பாறைக்கும் கிழக்குப் பக்கத்துக் கரும்பாறைக்கும் ஈயத்தின் முத்திரை வேறு வேறு. வெவ்வேறு இடத்தில் பிறந்த இரண்டு நிலத்துண்டுகள் சுமார் 250 கோடி வருஷத்துக்கு முன் ஒன்றோடொன்று வந்து மோதி ஒட்டிக்கொண்ட தையல்தான் கோலார்ப் பட்டை என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

அந்தத் தையல் ராஜ்ய எல்லையில் நின்றுவிடவில்லை. கோலார்ப் பட்டையின் தெற்கு நுனி கிருஷ்ணகிரிச் சீமைக்குள்ளும் நீள்கிறது. மோதலின் அழுத்தத்தில் பிளந்த வழிகளில்தான் பொன் கலந்த வெந்நீர் ஏறும் என்று தெரிந்தபின், எந்தக் கல்லைச் சோதிக்க வேண்டும், எந்தக் கல்லை விட்டுவிடலாம் என்று விவேகத்தோடு தீர்மானிக்க முடிகிறது.

தானே கடிகாரமான தாது

அரூர்ப் பக்கத்து மாலிப்டினத் தாது பார்வைக்குப் பென்சில் கரியைப் போலிருக்கும். கையில் ஒட்டும், காகிதத்தில் கோடு போடும். இதைக் கிரேக்கர் ஈயம் என்றே மயங்கினார்கள்; மாலிப்டினம் என்ற பெயரே ஈயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1778-இல் ஷீலே என்ற ஸ்வீடன் தேசத்து ரசாயனி மயக்கத்தைத் தீர்த்தார். உருக்கில் சிறிது கலந்தால் உஷ்ணத்திலும் இளகாத உறுதி தருவது மாலிப்டினம். பாரத நாட்டின் தேவைக்குப் பெரும்பாலும் அயல்நாட்டுச் சரக்கையே நம்பியிருக்கிறோம். ஆகையால் அரூர் வட்டாரத்துத் தாதுவின் மூலத்தை அறிவது வெறும் ஏட்டுச் சுவைக்கான காரியம் அல்ல.

இந்தத் தாதுவுக்கு ஓர் அபூர்வ குணம் உண்டு. பிறக்கும்போது ரீனியம் என்ற உலோகத்தைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும்; ஆஸ்மியத்தை அநேகமாகச் சேர்த்துக்கொள்வதே இல்லை. ரீனியம்-187 மெல்ல மெல்ல ஆஸ்மியம்-187 ஆக மாறும். பாதி மாற 4,000 கோடி வருஷத்துக்கு மேல். ஆகவே இன்று தாதுவுக்குள் காணும் ஆஸ்மியம் ஏறக்குறைய முழுவதும் அங்கேயே பிறந்த குழந்தை. குழந்தைகளை எண்ணினால் தாய் வீடு கட்டிய நாள் தெரிந்துவிடும். மற்றத் தாதுக்களின் வயதைப் பக்கத்துப் பாறையைக் கொண்டு ஊகிக்க வேண்டியிருக்க, இது தன் வயதைத் தானே சொல்கிறது. அதன் வயது பக்கத்திலுள்ள எந்தக் குழம்புப் பாறையின் வயதோடு ஒத்துப்போகிறதோ, அந்தக் குழம்பே அதைக் கொணர்ந்த வாகனம் என்ற வாதம் வலுக்கும். ரீனியத்தின் அளவும் ஒரு துப்பு: ஆழத்து மூலமானால் மிகுதியாகவும் மேலோட்டு மூலமானால் சொற்பமாகவும் இருப்பது பொது வழக்கம்.

செப்புத் திருமேனிகளின் முத்திரை

தாதுவின் முத்திரை உலைக்களத்திலும் அழிவதில்லை. உருக்கினாலும் வார்த்தாலும் ஈயத்தின் விகிதம் மாறாது. இதைப் பயன்படுத்தி சாரதா ஸ்ரீநிவாஸன் என்ற அம்மையார், லண்டன் சர்வகலாசாலையில் செய்த ஆராய்ச்சியில், தென்னாட்டுச் செப்புத் திருமேனிகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றைச் சோதித்தார். சுமார் அறுபதில் ஈயத்தின் ஐஸோடோப் விகிதத்தையும் அளந்தார். பல்லவர் காலத்தவை, சோழர் காலத்தவை, பிற்காலத்தவை என்று திருமேனிகள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து நின்றன. சோழர் காலத்தவை என்று கருதப்பட்ட நடராஜ வடிவங்களில் சில, பல்லவர் கூட்டத்தோடு ஒத்துப்போவதையும் அவர் எடுத்துக்காட்டினார். ஆடல்வல்லானைச் செப்பில் வார்க்கும் கலை நாம் எண்ணியதைவிட முற்பட்டது என்பது அவர் கருத்து.

நம் கோயில்களிலிருந்து களவு போன மூர்த்திகள் கடல் கடந்து விற்கப்படும் காலத்தில் இத்தகைய சாட்சியத்தின் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். பழைய குத்துவிளக்கையும் உடைந்த குடத்தையும் போட்டு உருக்கி வார்த்த விக்கிரகத்தில் பல ஊர் ஈயம் கலந்திருக்கும். வெகு தூரத்திலுள்ள இரண்டு சுரங்கங்களின் விகிதம் தற்செயலாக ஒன்றாக இருப்பதும் உண்டு. "இந்தச் சுரங்கத்தது அல்ல" என்று அடித்துச் சொல்வது எளிது. "இந்தச் சுரங்கத்ததே" என்று சொல்லப் பாறை, வயது, சரித்திரம் எல்லாம் சேர்ந்து சாட்சி சொல்ல வேண்டும்.

தோண்டுவதற்கு முன்

மண்ணுக்குள் பொன் இருக்கிறது, அரிய உலோகம் இருக்கிறது என்று ஒரு செய்தி எழுந்தால் போதும். மறுநாளே ஊர் இரண்டுபடுகிறது. ஒரு பாதி வேலை கிடைக்கும் என்று மகிழ்கிறது. மறு பாதி நிலமும் நீரும் போகும் என்று அஞ்சுகிறது. இரண்டும் நியாயமே. அரூர் மலைகளில் காடு இருக்கிறது. அக்காட்டை நம்பிய மலையாளிக் குடிகள் இருக்கிறார்கள். கிணற்றில் நீர் இறங்கிக்கொண்டே போகும் ஜில்லாவில் சுரங்கத்தின் தாகத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கோலாரின் மண் மேடுகள் நமக்குப் பக்கத்திலேயே பாடமாக நிற்கின்றன.

இந்தச் சச்சரவில் ஐஸோடோப் தீர்ப்புச் சொல்லாது. தோண்டலாமா கூடாதா என்பது ஜனங்கள் கூடி முடிவு செய்ய வேண்டிய விஷயம். ஆனால் முடிவு செய்கிறவர்களுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். இங்குள்ள தாது ஆழத்து ஊற்றோடு தொடர்புடையதா, அல்லது மேலோட்டில் கசிந்து தேங்கிய சொற்ப சரக்கா? இதைச் சில கிராம் கற்பொடியில் முன்கூட்டியே அறியக்கூடும்போது, ஊர் முழுவதையும் கிளறிப் பார்த்துவிட்டுக் கைவிரிப்பது அநீதி.

நம் பள்ளிக்கூடங்களில் தர்மபுரியைப் பற்றி ஔவைக்கு அதியமான் நெல்லிக்கனி கொடுத்த கதையோடு நிறுத்திவிடுகிறோம். கதை நல்ல கதைதான். அதன் பக்கத்தில் ஒகேனக்கல்லின் வெள்ளைக் கல்லையும் ஒரு பாடமாக வைத்தால் என்ன? 240 கோடி வருஷத்துச் சரித்திரம் கையெட்டும் தூரத்தில் கிடக்கிறது. அதைப் படித்துச் சொல்லத் தேசத்திலேயே அறிஞர்களும் கருவிகளும் இருக்கிறார்கள். தன் காலடிக் கல்லின் மூலத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிள்ளை, நாளைக்கு யாராவது அந்தக் கல்லுக்கு விலை பேச வரும்போது ஏமாறமாட்டான்.